ஞானப்பல் வலி: நீலகிரியில் வசிப்போர் செய்ய வேண்டியவையும், பிடுங்குவது பற்றிய முடிவும்

கீழ்த்தாடையின் கடைக்கோடியில், வாயை முழுவதும் திறந்து கண்ணாடி முன் நின்றாலும் சரியாகப் புலப்படாத இடத்தில், ஈறு வீங்கி வலி தொடங்குகிறது என்றால், 17 வயதுக்கும் 25 வயதுக்கும் இடைப்பட்டவர்களுக்கு அது பெரும்பாலும் ஞானப்பல்லின் தொல்லையாகவே இருக்கும். எங்கும் உள்ள தொல்லைதான் என்றாலும், நீலகிரியில் இருப்பவர்களுக்கு அதன் மேல் இன்னொரு சுமையும் ஏறிக்கொள்கிறது. மஞ்சூரிலிருந்தோ பந்தலூரிலிருந்தோ பல் மருத்துவரைப் பார்த்துத் திரும்புவதற்குள் ஒரு நாள் கூலி போய்விடுகிறது. ஆழப் புதைந்த பல்லை எடுக்கும் வாய், முக அறுவை சிகிச்சை நிபுணரைத் தேடிப் பலர் கோயம்புத்தூருக்கே இறங்க வேண்டியிருக்கிறது. ஐப்பசி மழையில் மண் சரிந்தால் அந்தப் பயணமும் தடைப்படுகிறது. இதனால், வலித்தால் மாத்திரை, வலி நின்றால் மறதி என்று ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுகிறவர்களும் இங்கே இருக்கிறார்கள். ஓர் இரவு வலியில் மனம் வெறுத்து, மறுநாள் காலையிலேயே பிடுங்கிவிடச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். வலியை அடக்குவது ஒரு வேலை, பல்லை எடுப்பதா என்று தீர்மானிப்பது வேறு வேலை, இரண்டையும் வெவ்வேறு நாட்களில் செய்ய வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. இந்த வழிகாட்டியை அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

வலிப்பது ஈறா, பல்லா

ஞானப்பல் பாதி வெளியே வந்து, மீதிப் பாதியை ஈறு மடிப்பு மூடியிருக்கும்போது, அந்த மடிப்புக்கு அடியில் உணவுத் துணுக்கு தங்கிக் கிருமிகள் பெருகுகின்றன. ஈறு சிவந்து வீங்குகிறது. வீங்கிய ஈற்றை மேல்தாடைப் பல் ஒவ்வொரு முறையும் மிதிக்கிறது. மிதிபட மிதிபட வீக்கம் கூடுகிறது. வாயில் கெட்ட சுவை, துர்நாற்றம், விழுங்கும்போது வலி, அதே பக்கத்துக் காதுக்குள் குடைச்சல், இரண்டு விரல் நுழையும் அளவுக்குக்கூட வாயைத் திறக்க முடியாமை ஆகியவை இதன் அடையாளங்கள். பல் மருத்துவரின் சீட்டில் பெரிகோரோனைடிஸ் என்று எழுதியிருந்தால் அது இதுதான்.

குளிர்காற்று பட்டதும் சுரீர் என்று இழுத்து உடனே மறைகிற வலி இந்த வகையைச் சேர்ந்தது அன்று. மார்கழி, தை மாதங்களில் உறைபனி பெய்த காலையில் வாயைத் திறந்து மூச்சு விட்டாலே கூசுகிறது என்றால், எனாமல் தேய்ந்திருக்கலாம் அல்லது சொத்தை தொடங்கியிருக்கலாம். சூடான தேநீர் பட்டு வலி தொடங்கி, குடித்து முடித்த பின்னும் நீண்ட நேரம் துடித்து, இரவில் தூக்கத்தைக் கலைக்கிறது என்றால், பல்லின் உள்ளே இருக்கும் நரம்புக்கூழ் அழன்றிருக்கிறது. இதில் ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு: முன்னோக்கிச் சாய்ந்த ஞானப்பல், தனக்கு முந்தைய கடைவாய்ப்பல்லின் பின்புறத்தில் உணவைத் தேக்கி, அந்த நல்ல பல்லைச் சொத்தையாக்கிவிடும். வலிப்பது ஞானப்பல் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, உண்மையில் காப்பாற்ற வேண்டிய பல் அதற்கு முன்னால் கெட்டுக்கொண்டிருக்கும்.

மேல்தாடையின் பின்பற்கள் எல்லாம் ஒன்றுசேர்ந்து மந்தமாக வலித்து, சளி பிடித்திருக்கும்போதும் குனியும்போதும் வலி கூடினால் சைனஸைச் சந்தேகிக்க வேண்டும். வாய் திறப்பது சில நாட்களில் அல்லாமல் மாதக்கணக்கில் சிறுகச் சிறுகக் குறைந்து, காரம் பட்டால் வாய் முழுதும் எரிகிறது என்றால், அது பெரும்பாலும் பாக்கு மெல்லுவதால் வாயின் உட்தோல் இறுகிப்போகும் நோய். ஞானப்பல்லைப் பிடுங்குவதால் அது தீராது, தாமதமின்றித் தனியாகக் காட்ட வேண்டும்.

வலி வந்த முதல் சில நாட்கள்

முதல் மருந்து சுத்தம். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, வலிக்கும் பக்கமாகத் தலையைச் சாய்த்து, அரை நிமிடம் அந்த மூலையில் நீரை நிறுத்திக் கொப்பளிக்க வேண்டும். உணவுக்குப் பின் ஒவ்வொரு முறையும், தூங்கப் போகும்முன் ஒரு முறையும் இதைச் செய்யலாம். வலிக்கிறது என்று அந்தப் பக்கம் துலக்காமல் விடுவது வீக்கத்தை வளர்க்கும். குழந்தைகளுக்கான சிறிய தலை கொண்ட மென்மையான பிரஷை வாங்கி, வாயைப் பாதி மூடியபடி கன்னத்தைத் தளர்த்திக்கொண்டு துலக்கினால் அது பின் மூலை வரை எட்டும்.

மருந்துக் கடைகளில் கிடைக்கும் 0.2 சதவீதக் குளோர்ஹெக்சிடின் வாய்க்கழுவியை நாளுக்கு இரு முறை, 10 மில்லி வீதம் பயன்படுத்தலாம். பற்பசையால் துலக்கிய அரை மணி நேரத்துக்குப் பிறகே இதை வாயில் ஊற்ற வேண்டும், ஏனெனில் பற்பசையின் நுரைப்பொருள் இதன் வேலையைக் கெடுக்கிறது. நம் மாவட்டத்தார் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது இதன் கறை. குளோர்ஹெக்சிடின் படிந்த பல்லில் தேநீர் பட்டால் பழுப்புக் கறை வேகமாகப் பிடிக்கும். ஒரு நாளைக்கு ஐந்தாறு கோப்பை குடிக்கும் ஊரில் இதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. கழுவிய பின் ஒரு மணி நேரமாவது தேநீரைத் தள்ளிவைக்கவும்; மருத்துவர் சொன்னால் ஒழிய இரண்டு வாரத்துக்கு மேல் பயன்படுத்த வேண்டாம்.

வலி மாத்திரையைப் பொறுத்தவரை, வேறு நோய் இல்லாத பெரியவர்களுக்கு இபுபுரோஃபென் 400 மில்லிகிராம், உணவுக்குப் பின், நாளுக்கு மூன்று முறைக்கு மேற்படாமல் என்பது பொதுவான அளவு. அது போதாதபோது பாராசிட்டமால் 500 அல்லது 650 மில்லிகிராமையும் ஆறு மணி நேர இடைவெளியில் சேர்த்துக்கொள்ளலாம்; இரண்டும் வெவ்வேறு வழிகளில் வேலை செய்வதால் சேர்ந்து நன்றாகவே வலியைக் குறைக்கின்றன. பாராசிட்டமால் எல்லாம் சேர்த்து ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டவே கூடாது, 3 கிராமுக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது. சளி, காய்ச்சல் மாத்திரைகள் பலவற்றிலும் அது கலந்திருப்பதால் அட்டையைப் படித்துவிட்டு விழுங்க வேண்டும். வயிற்றுப்புண், சிறுநீரக நோய், வலி மாத்திரையால் கூடும் ஆஸ்துமா உள்ளவர்களும், இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர்களும், கர்ப்பிணிகளும் இபுபுரோஃபெனைத் தாமாக எடுக்கக் கூடாது. கர்ப்பிணிகள் பாராசிட்டமாலையும் மருத்துவரைக் கேட்டே எடுப்பது நல்லது.

கைவைத்தியத்தில் கிராம்புக்கு உண்மையான பயன் உண்டு. பர்லியார்ப் பக்கத்திலேயே விளைகிற அந்தக் கிராம்பில் உள்ள யூஜினால் என்னும் பொருள் சிறிது நேரம் மரக்கச் செய்கிறது. ஆனால் கிராம்பு எண்ணெயை அப்படியே ஊற்றினால் ஈறு வெந்துபோகும். ஒரு துளியைத் தேங்காய் எண்ணெயுடன் கலந்து, பஞ்சில் தொட்டு, வலிக்கும் இடத்தில் சற்று நேரம் வைத்து எடுத்துவிட வேண்டும். இங்கே வீட்டுக்கு வீடு இருக்கும் நீலகிரித் தைலத்தை ஒருபோதும் வாய்க்குள் வைக்கக் கூடாது. மூக்கடைப்புக்கு ஆவி பிடிக்கவும் மூட்டில் தடவவும் கைகொடுக்கும் அதே தைலம் வயிற்றுக்குள் போனால் நஞ்சு. சிறு குழந்தைகளுக்குச் சில மில்லி போனாலே வலிப்பு வரக்கூடும். ஆஸ்பிரின் மாத்திரையைப் பல்லோரம் அடக்கிக்கொள்வதும், புகையிலையை அழுத்தி வைப்பதும், பிராந்தியில் பஞ்சை நனைத்து வைப்பதும் ஈற்றில் புதிய புண்ணை உண்டாக்கும் வேலைகள்.

ஆன்டிபயாடிக்கை மருந்துக் கடையில் கேட்டு வாங்குவது நம் ஊரில் எளிதாக நடக்கிறது என்பதாலேயே இதை அழுத்திச் சொல்கிறேன். ஈற்றளவில் நிற்கும் வீக்கத்துக்கு, மருத்துவர் அந்த மடிப்புக்கு அடியில் கழுவிச் சுத்தம் செய்வதே முதன்மையான சிகிச்சை. காய்ச்சல், கன்னத்துக்குப் பரவும் வீக்கம், வாய் திறக்காமை ஆகியவை இருக்கும்போது மட்டுமே மருத்துவர் ஆன்டிபயாடிக் எழுதுவார். எழுதியதைப் பாதியில் நிறுத்தக் கூடாது, மெட்ரோனிடசோல் அதில் இருந்தால் மதுவைத் தொடவே கூடாது. தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்பவர்கள் முதலில் தோட்ட மருந்தகத்தில் காட்டி, மேல்சிகிச்சைக்குப் பரிந்துரைக் கடிதம் பெற்றுக்கொள்வது நல்லது. தொழிலாளர்களுக்கு மருத்துவ வசதி தருவது 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் நிர்வாகத்துக்கு விதித்த கடமையாகவே இருந்து வந்திருக்கிறது, ஆகையால் கேட்கத் தயங்க வேண்டாம்.

விடியும்வரை காத்திருக்கக் கூடாதவை

எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வழிவது, நாக்கு மேலே தூக்கப்பட்டதுபோல் உணர்வது, தாடைக்கு அடியிலும் கழுத்திலும் வீக்கம் கெட்டிப்படுவது, குரல் மாறுவது, மூச்சுத் திணறுவது, குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல் ஏறுவது, வீக்கம் கண்ணை நோக்கிப் பரவுவது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். பல்லில் தொடங்கிய தொற்று கழுத்துக்கு இறங்கி மூச்சுக்குழாயை நெருக்கிச் சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கக்கூடியது. பல் மருத்துவமனை எப்போது திறக்கும் என்று பார்த்திருக்காமல், உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, குன்னூர் அரசு லாலி மருத்துவமனை, கோத்தகிரி, கூடலூர் அரசு மருத்துவமனைகள் ஆகியவற்றில் அருகில் உள்ளதன் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். மேலே எங்கே அனுப்புவது என்பதை அவர்கள் தீர்மானிப்பார்கள். கூடலூர்ப் பக்கத்தில் மைசூரு போய் மருத்துவம் பார்க்கும் வழக்கம் உள்ளவர்கள், பந்திப்பூர்ச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை பொது வாகனங்களுக்கு மூடப்பட்டிருக்கும் என்பதை நினைவில் வைத்து, மாலையிலேயே வீக்கம் கூடுவதைக் கண்டால் மாலையிலேயே புறப்பட வேண்டும்.

எடுப்பதா, விடுவதா

வலி அடங்கி ஓரிரு வாரம் கழிந்ததும்தான் இந்தக் கேள்விக்கு உட்கார வேண்டும். வலி இல்லாதபோது மருத்துவரிடம் போவது வீண் செலவாகத் தோன்றும். என் பார்வையில் அந்த அமைதியான வாரங்களே இந்தப் பல்லைப் பற்றி நிதானமாகப் பேசக் கிடைக்கும் காலம். இரு தாடைகளையும் ஒரே படத்தில் காட்டும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளுங்கள். பல் நிமிர்ந்திருக்கிறதா, முன்னோக்கியோ பின்னோக்கியோ சாய்ந்திருக்கிறதா, படுத்தே கிடக்கிறதா, வேர்கள் கீழ்த்தாடை நரம்புக்கு எவ்வளவு அருகில் உள்ளன, முந்தைய கடைவாய்ப்பல்லில் சொத்தை இருக்கிறதா என்ற அனைத்தும் அதில் தெரியும். அந்தப் படத்தைக் கைப்பேசியிலும் சேமித்துவையுங்கள். வேறு ஊரில் வேறு மருத்துவரைக் கேட்க நேரும்போது மீண்டும் எடுக்க வேண்டியிராது.

எடுத்துவிடுவதே சரி என்று தயங்காமல் சொல்லக்கூடிய நிலைகள் சில உள்ளன. ஈறு வீக்கம் இரண்டாம் முறையாக வந்துவிட்டது, அல்லது முதல் முறையே காய்ச்சலும் வாய்ப்பூட்டுமாகக் கடுமையாக வந்தது. ஞானப்பல் அடைக்க முடியாத அளவுக்குச் சொத்தையாகிவிட்டது. அது முந்தைய கடைவாய்ப்பல்லைக் கெடுக்கத் தொடங்கிவிட்டது. பல்லைச் சுற்றி நீர்க்கட்டி தெரிகிறது. இவற்றில் மூன்றாவதைத்தான் நான் மிகவும் பொருட்படுத்துவேன். ஞானப்பல் இல்லாமல் நன்றாகச் சாப்பிடலாம், ஆனால் அதற்கு முந்தைய கடைவாய்ப்பல் போனால் மெல்லும் பலம் குறையும்.

விட்டுவைக்கத் தக்க பற்களும் உண்டு. நேராக முளைத்து, எதிர்ப் பல்லுடன் பொருந்தி, பிரஷ் எட்டும் ஞானப்பல் மற்றப் பற்களைப் போன்ற ஒரு நல்ல பல்தான். எலும்புக்குள் முழுதாகப் புதைந்து, வாயுடன் எந்தத் தொடர்பும் இல்லாமல், தொல்லை தராமல் கிடக்கும் பல்லையும் குறிப்பிட்ட இடைவெளியில் எக்ஸ்ரே எடுத்துக் கவனித்துவரலாம். பிரிட்டனில் சிகிச்சை முறைகளை மதிப்பிட்டு வழிகாட்டும் நைஸ் என்ற அமைப்பு, நோயில்லாத புதைந்த ஞானப்பற்களை முன்னெச்சரிக்கையாக எடுக்கும் வழக்கத்தைக் கைவிட வேண்டும் என்று 2000-ஆம் ஆண்டிலேயே கூறியது. அப்படி விட்டுவைத்த பல், பிற்காலத்தில் முந்தைய கடைவாய்ப்பல்லைச் சொத்தையாக்குவதைக் காட்டிப் பல் மருத்துவர்கள் சிலர் அதை எதிர்த்தும் வாதிட்டார்கள். ஆகவே விட்டுவைப்பது என்பது மறந்துவிடுவது அன்று. ஆண்டுக்கு ஒரு முறையாவது காட்டுவேன் என்று உறுதியாக இருப்பவரே விட்டுவைக்கலாம். பருவமழையிலும் தோட்ட வேலையிலும் அப்படிப் போக வாய்க்காது என்று தெரிந்தவர்கள், பாதி முளைத்துச் சாய்ந்து நிற்கும் பல்லைச் சிறு வயதிலேயே எடுத்துக்கொள்வதை நான் ஆதரிப்பேன்.

வயதும் கணக்கில் வர வேண்டும். இருபதுகளின் நடுப்பகுதிக்குள் வேர்கள் முழுமை பெற்றுவிடுகின்றன, அதன் பின் எலும்பும் கெட்டிப்படுவதால் எடுப்பது கடினமாகிறது, ஆறுவதற்கும் கூடுதல் நாட்கள் ஆகின்றன. முன்பற்கள் கோணிவிடும் என்று அஞ்சி மட்டும் எடுக்க வேண்டியதில்லை. ஞானப்பல் தள்ளுவதால்தான் முன்பற்கள் நெருங்குகின்றன என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. மேல்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை மங்கும் என்று படகர் ஊர்களான ஹட்டிகளிலும் தோட்டக் குடியிருப்புகளிலும் பெரியவர்கள் அக்கறையோடு எச்சரிப்பதுண்டு. பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு, அப்படி நேராது என்று அவர்களுக்குப் பொறுமையாகச் சொல்லலாம்.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதன்மையான கேள்வி நரம்பைப் பற்றியது. கீழ் ஞானப்பல்லின் வேர் நரம்பை ஒட்டியிருந்தால், எடுத்த பின் கீழுதடும் மோவாயும், சிலருக்கு நாக்கின் ஒரு பக்கமும் மரத்துப்போகலாம். பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ உணர்வு திரும்பும். நிலையாக நின்றுவிடுவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. வேர் மிக நெருக்கமாக இருப்பதாக எக்ஸ்ரே காட்டினால் முப்பரிமாண ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்றும், வேரை உள்ளேயே விட்டுப் பல்லின் தலையை மட்டும் வெட்டி எடுக்கும் கொரோனெக்டமி முறை பொருந்துமா என்றும் கேளுங்கள். பல் நிமிர்ந்து வர இடம் இருக்கிறது, ஈறு மடிப்பு மட்டுமே தடை என்றால், மடிப்பை மட்டும் நீக்கலாம். சில வேளைகளில் கீழே இருப்பதை விட்டு, வீங்கிய ஈற்றை மிதிக்கும் மேல் ஞானப்பல்லை எடுத்தாலே தொல்லை தணிவதும் உண்டு. மேல்பல்லை எடுப்பது பொதுவாக எளிது.

நாள் குறிப்பதற்கு முன்

சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், இதய வால்வு நோய், எலும்புத் தேய்மானத்துக்கான ஊசி அல்லது மாத்திரை, இரத்தம் உறையாதிருக்கும் மருந்து ஆகிய எதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எந்த மாத்திரையையும் தாமாக நிறுத்தக் கூடாது. நம் மாவட்டத்தில் இத்துடன் அரிவாள் செல் இரத்தசோகையையும் சேர்க்க வேண்டும். இந்தியாவில் அந்த நோய் முதன்முதலில் 1952-இல் பதிவானது நீலகிரிப் பழங்குடி மக்களிடையேதான். பணியர், இருளர், குறும்பர் முதலிய சமூகங்களைச் சேர்ந்தவர்கள், முன்பு பரிசோதித்திராவிட்டால், பல் எடுப்பதற்கு முன் அந்தப் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்வது நல்லது. கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை இதில் நீண்ட அனுபவம் உள்ளது. தொற்று, குளிர், போதிய நீர் குடிக்காமை ஆகிய ஒவ்வொன்றும் அந்த நோயாளிகளுக்குக் கடும் வலியைத் தூண்டக்கூடும், பல் பிடுங்கிய நாளில் மூன்றும் ஒன்றாகச் சேர்வது எளிது.

நாளைத் தேர்ந்தெடுக்கும்போது, கூடலூர், பந்தலூரில் இருப்பவர்கள் ஆனி முதல் ஆவணி வரையுள்ள தென்மேற்கு மழையையும், குன்னூர், கோத்தகிரியில் இருப்பவர்கள் ஐப்பசி, கார்த்திகை மழையையும் தவிர்ப்பது நல்லது. கோடை சீசனில் பாதை நெரிசலால் பயணம் இரு மடங்கு நீளும். மாசியும் பங்குனித் தொடக்கமும் என் தேர்வாக இருக்கும். முழு மயக்கம் தருவதாக மருத்துவர் சொல்லாவிட்டால் வெறும் வயிற்றில் போகாமல் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். மூன்று நாள் விடுப்பும், கூட வர ஒருவரும் வேண்டும்.

எடுத்த பின், மலையேறுவதற்கு முன்

கோயம்புத்தூரில் எடுத்துக்கொண்டால் அன்றிரவு கீழேயே தங்குவது நல்லது. மேட்டுப்பாளையம்–குன்னூர்ப் பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில், இரத்தத்தையும் எச்சிலையும் விழுங்கிய வயிற்றோடு வாந்தி வந்தால், குழியில் உறைந்த இரத்தக்கட்டி பெயர்ந்துவிடக்கூடும். அந்தக் கட்டிதான் எலும்பை மூடிக் காக்கிறது. அது போனால் மூன்றாம் நாளளவில் காதுவரை பாயும் கடுமையான வலி வரும், அப்போது மருத்துவர் மருந்து வைத்துக் கட்டினால்தான் அடங்கும். உறிஞ்சுகுழல், கொப்பளித்துத் துப்புவது, பீடி, சிகரெட், வெற்றிலை பாக்கு ஆகிய அனைத்தையும் தவிர்ப்பது இதற்காகவே. புகைபிடிப்பதை மூன்று நாளாவது, முடிந்தால் ஒரு வாரமும் நிறுத்த வேண்டும்.

மேல்பல்லை எடுத்தவர்களுக்கு மலைப்பாதையில் இன்னோர் எச்சரிக்கை. ஏறும்போதும் இறங்கும்போதும் காது அடைத்தால், மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதும் பழக்கம் நம்மிடம் உண்டு. மேல் கடைவாய்ப் பற்களின் வேர் சைனஸ் அறையை ஒட்டியிருப்பதால், அப்படி ஊதினால் இரண்டுக்கும் இடையிலுள்ள மெல்லிய தடுப்பு திறந்துகொள்ளலாம். எச்சிலை விழுங்கியே காதைத் திறக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மூக்கைப் பலமாகச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும்.

வைத்த பஞ்சை அரை மணி முதல் முக்கால் மணி நேரம் அழுத்திக் கடித்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்த பின் மீண்டும் கசிந்தால், நனைத்து ஆறவைத்த தேயிலைப் பையைக் குழியின் மேல் வைத்துக் கடிக்கலாம், தேயிலையின் துவர்ப்பு இரத்தக் கசிவை அடக்க உதவும்; அதற்கும் நிற்காவிட்டால் மருத்துவமனைக்குப் போக வேண்டும். முதல் நாள் கன்னத்தில் விட்டுவிட்டுப் பனிக்கட்டி ஒத்தடம் கொடுக்கவும். தேநீரை முற்றிலும் ஆறவைத்தே குடிக்க வேண்டும், குளிருக்கு அது எவ்வளவு கடினமென்றாலும். இட்லி, குழைந்த தயிர்சாதம், ஆறிய ராகிக் கூழ் ஆகியவை போதும். வர்க்கியும் பொரியும் நொறுங்கிக் குழிக்குள் இறங்குமாதலால் இரண்டு வாரம் வேண்டாம். மறுநாள் முதல் உப்புநீரை மெதுவாக வாயில் நிறுத்தி, துப்பாமல் தானாக வழியவிட வேண்டும்.

வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய்ப் பின் இறங்கும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். ஆனால் நான்காம் நாளுக்குப் பின் வீக்கமோ காய்ச்சலோ புதிதாக ஏறினாலும், மரப்பு ஊசியின் வேகம் தணிந்து ஒரு நாள் கழிந்த பின்னும் உதடு மரத்தே இருந்தாலும், தையல் பிரிக்கும் நாள்வரை காத்திராமல் எடுத்த மருத்துவரையே தொலைபேசியில் அழைத்துச் சொல்ல வேண்டும். கீழே இறங்காமலே கேட்டுத் தெரிந்துகொள்ளும் வகையில், அவருடைய எண்ணை மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.